அப்பாவின் இரண்டாம் ஞானஸ்நானம்

எழுபத்து நான்கு வயதில் இரண்டாம் தடவை ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக அப்பா சொன்னபோது, அவருடைய ஆத்துமாவைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. அவருடைய மூச்சு இழுப்பைப் பற்றித்தான் கவலை வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. பங்குனி வெயிலிலேயே மலையிலிருந்து பீலியில் வந்து விழும் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கிட்டிவிடும். சபையாரோ தை மாதத்தில் ஒரு கிழவரைத் தலையோடு முக்கி எடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

அப்பாவின் முதல் ஞானஸ்நானம் கைக்குழந்தையாக இருக்கும்போதே முடிந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டி, கப்பலில் ஏற்ற முடியாததால் எங்களுக்கு விட்டுப்போன கல் கோயிலில், நெற்றியில் மூன்று சொட்டுத் தண்ணீர். எனக்கும் அதே மூன்று சொட்டுத்தான். அதை வைத்துக்கொண்டே நாற்பத்தாறு வயதுவரை ஓட்டிவிட்டேன். ஆனால் அம்மா இறந்த பிறகு அப்பா கல் கோயிலை விட்டுவிட்டு, டவுனில் போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் புதிய சபைக்குப் போகத் தொடங்கினார். அங்கே இழுப்புக்குத் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். வேனில் வந்து கூட்டிப்போய் வேனிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். கல் கோயிலில் இரண்டுமே கிடையாது.

அந்தச் சபையின் பாஸ்டர் என்னைவிட இளையவர். மைக் இல்லாதபோதும் மைக்கில் பேசுவதுபோலவே பேசுவார். "மூணு சொட்டு தெளிக்கிறதுக்குப் பேரு ஞானஸ்நானம் இல்லீங்கய்யா. கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிப்பாங்களே, அதுதான் இது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா மனம் அங்கேயே விழுந்துவிட்டது.

செய்தி கல் கோயில் குருவானவர் காதுக்குப் போயிற்று. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கும் வரிசை வீட்டு லயத்துப் பக்கமே தலைகாட்டாதவர், மறுநாளே குடையோடு வந்து நின்றார். அப்பா இழுத்துக்கொண்டு கிடந்த ஒன்பது வருஷத்தில் வராத மனிதர், அப்பா வேறு தண்ணீரில் இறங்கப்போகிறார் என்றதும் ஓடிவந்தார். "ஒரு தரம் எடுத்தா எடுத்ததுதான். ரெண்டாந்தரம் எடுத்தா மொத எடுத்தத அவமதிக்கிறதா ஆகும்" என்றார். இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வரலாம் என்று அப்பாதான் சொன்னார். நடுவராக என்னைப் போட்டார்கள். நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு வேதத்தில் உள்ள தமிழும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஒரு சனிக்கிழமை காலை லயத்து முன்திண்ணை இஸ்தோப்பில் சின்ன மேசையைப் போட்டு மூன்று வேதாகமங்களை வைத்தோம். ஒன்று அம்மாவுடைய பழைய மொழிபெயர்ப்பு. இரண்டாவது பாஸ்டர் கொண்டுவந்த எளிய தமிழ்ப் பதிப்பு. பக்கங்களில் பாதி அடிக்குறிப்பு. மூன்றாவது, மேல் லயத்துக் கத்தோலிக்க வீட்டில் நான் இரவல் வாங்கியது. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கத்தோலிக்கரின் புத்தகம் திருமுழுக்கு என்று சொல்கிறது. அவர்கள் யாரையும் முழுக வைப்பதில்லை, தலையில் ஒரு கை தண்ணீர் வார்க்கிறார்கள். பழைய புத்தகம் ஸ்நானம் என்கிறது. குருவானவர் ஸ்நானமும் செய்விப்பதில்லை, மூன்று சொட்டோடு விட்டுவிடுகிறார். பாஸ்டர் புத்தகத்திலும் அதே பழைய சொல்தான்; குளி என்று இருக்க அவர் ஆளையே முக்குகிறார். எழுதியிருப்பது ஒன்று, செய்வது ஒன்று என்பதில் மூன்று சபையும் ஒற்றுமை. இந்த ஒற்றுமையை வேறு எதிலும் அவர்களிடம் நான் கண்டதில்லை.

சண்டை தண்ணீரின் அளவோடு நிற்கவில்லை. பேதுரு கூட்டத்தைப் பார்த்து மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்று சொல்லும் இடத்துக்கு வந்ததும் சூடு பிடித்தது. பழைய மொழிபெயர்ப்பில், அதை எடுப்பதே பாவமன்னிப்புக்காக என்று வருகிறது. குருவானவர் அதில் விரலை வைத்தார். மன்னிப்பு தண்ணீரோடு வருகிறது, அப்பாவுக்குக் குழந்தையிலேயே வந்தாயிற்று, மறுபடி எதற்கு? பாஸ்டர் தன் புத்தகத்தின் அடிக்குறிப்பில் விரலை வைத்தார். விசுவாசித்தபோதே மன்னிப்பு வந்துவிடும். தண்ணீர் அதற்கு ஓர் அடையாளம். குழந்தைக்கு விசுவாசம் ஏது? மூல பாஷையில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது, அதை இரண்டு விதமாகவும் எடுக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. எனக்கும் தெரியாது. ஆகையால் அதைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினோம்.

அப்போது அப்பா பஸ் நேரம் விசாரிப்பதுபோலக் கேட்டார். "சரிங்க. பாவம் எப்பப் போகுது? தண்ணிக்குள்ள எறங்க முன்னுக்கா, ஏறுன பின்னுக்கா?"

"முன்னுக்கே போயிருச்சுங்கய்யா" என்றார் பாஸ்டர்.

"போயிருச்சுன்னா எனக்குத் தெரியணுமே. ஒண்ணும் போனமாதிரி இல்லியே."

"ஒங்களுக்குச் சின்ன வயசிலயே போயிருச்சு" என்றார் குருவானவர்.

"அப்ப நான் ஒண்ணும் செய்யலீங்களே சாமி. செய்யாத பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பா?"

இருவரும் ஒரே நேரத்தில் புத்தகத்தைப் புரட்டினார்கள். அப்பா பொதுவாகப் பாவத்தைப் பற்றிக் கேட்பதாக அவர்கள் நினைத்தார்கள். அவர் ஒரே ஒரு பாவத்தைப் பற்றித்தான் கேட்டார். அது எது என்று அந்த மேசையில் எனக்கு மட்டும் தெரியும்.

அப்பா கங்காணியாக இருந்தவர். கொழுந்தெடுக்கும் பெண்களை மலையில் நிரை நிரையாக நிறுத்தி வேலை வாங்குவது அவர் வேலை. எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம், மழை விட்டதும் கொழுந்து தாறுமாறாகக் கிளம்பி முற்றிப்போனது. முற்றிய இலை கூடையில் இருந்தால் நிறுக்கும் மடுவத்தில் கூடையையே தள்ளிவிடுவார்கள். யாரோ ஒரு கூடை முற்றல் இலையை மழைநீர் ஓடும் கானில் கொட்டி, மேலே பன்னச் செடியை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். மலையைப் பார்க்க வந்த மேலதிகாரி கண்டாக்கு ஐயா அதில் காலை வைத்துவிட்டார். யார் வேலை என்று கேட்டார். எங்கள் காம்பராவிலிருந்து நாலு கதவு தள்ளியிருந்த பெண்ணை அப்பா கைகாட்டினார். லயத்தில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு முறை. எனக்கு அவர் அத்தை முறை. புருஷன் இல்லாதவர். அவருக்காகப் பேச ஒரு நாதி இல்லை. அவரைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தல் முடிந்து வந்தவரை, எட்டாத மலையில் புல்வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். அவருடைய மகள் என் வகுப்பில் முன் வாங்கில் இருந்தவள். கட்டுரை என்றால் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். அந்த வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்தக் கூடையைக் கொட்டியது என் அம்மா.

இதை அம்மாவே ஆஸ்பத்திரியில், சாவதற்கு மூன்று நாள் முன்பு என்னிடம் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டில் ஓரத்தில் இருந்த பழைய வேதாகமத்தை எடுத்து, மன்னிப்பைப் பற்றி நல்ல ஓசை நயமுள்ள ஒரு பகுதியை வாசித்துக் காட்டினேன். புதிய மொழிபெயர்ப்பில் அந்த ஓசை வராது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக வாசித்ததாக எனக்கே ஒரு திருப்தி. ஒன்பது வருஷமாகியும் நாலு கதவு தள்ளிப் போய் அந்த அத்தையிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அன்று மேசையில் இன்னொன்றும் நடந்தது. மூன்று புத்தகங்களையும் புரட்டும்போது, காணிக்கை கொண்டுவந்தவன் யாருக்காவது தன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்ற இடம் கண்ணில் பட்டது. மூன்றையும் ஒப்பிட்டேன். மூன்றும் ஒரே பொருளைத்தான் சொல்லின. அடிக்குறிப்புகூட இல்லை. இதில் ஆராய ஒன்றும் இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

கடைசியில் பாஸ்டர்தான் வென்றார். வாதத்தில் அல்ல, வேனில். குருவானவருக்கு வேன் இல்லை.

அடுத்தது தண்ணீர். ஆற்றில் இறக்கினால் அப்பா நேரே பரலோகத்துக்கே போய்விடுவார் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். லயத்துக்கு மேலே, புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கலக்க முன்பு பாவித்த சீமெந்துத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. சபைப் பெண்கள் அதைச் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை தேய்த்தார்கள். களை சாக இருந்த தொட்டியில் பாவம் சாகப்போகிறது என்று பாஸ்டர் அதையே ஒரு பிரசங்கமாக்கிவிட்டார். அண்டாக்களில் வெந்நீர் காய்ச்சி ஊற்றுவதென்றும் முடிவாயிற்று. அதைக் கேள்விப்பட்ட குருவானவர், "வெந்நீர்ல அழுக்குத்தான் போகும்" என்று சொல்லியனுப்பினார். யோர்தானில் சூடு எவ்வளவு இருந்தது என்று பாஸ்டர் வேதத்தில் தேடினார். அகப்படவில்லை.

இவ்வளவும் ஒழுங்கானது. அழைப்பில்தான் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் லயங்களில் சடங்கு, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வெத்திலைத் தட்டோடு கதவு கதவாகப் போய் அழைக்க வேண்டும். சாமி எதுவானாலும் தட்டு ஒன்றுதான். தட்டு வராத விசேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு கதவை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால், அந்த வீட்டோடு பகை என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். பாஸ்டருக்கு வெத்திலை ஆகாது. அப்பாவின் படத்துக்கு மேல் ஒரு புறாவைப் பறக்கவிட்டு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினார். ஆறு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தைப் பார்த்து நாலு பேராவது மனந்திரும்புவார்கள் என்று அவர் நம்பியிருந்தார். ஆள் வராமல் யார் திரும்புவது? "சரி, வெத்திலைக்குப் பதிலா டொபி வச்சுக் குடுங்க" என்று இறங்கிவந்தார்.

"டொபி குடுத்து அழைக்கிறதுக்கு இது பொறந்தநாளா?" என்றார் அப்பா. கடையில் ஒரு கட்டு வெத்திலை வாங்கிவரச் சொன்னார்.

அவர் முகம் ஏன் வெளுத்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எப்போதும் அம்மாதான் தட்டைத் தூக்கிக்கொண்டு போவார். முப்பத்து மூன்று வருஷத்தில் அப்பா அந்த நாலாவது கதவுக்கு முன்னால் நின்றதே இல்லை. பீலிக்கரையில் அத்தை இருந்தால், அவர் போகும்வரை குடத்தோடு தூரத்தில் நிற்பார்.

"நான் போய்க் குடுத்துட்டு வாறேன். நீங்க படுங்க" என்றேன். அதில் பாதி அப்பா மேல் இரக்கம், பாதி என் மேலேயே இருந்த இரக்கம்.

"முழுகப்போறது நீயா?" என்று கேட்டுவிட்டு அப்பா செருப்பை மாட்டினார்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் பின்னேரம், நாங்கள் இரண்டு பேரும் தட்டோடு கிளம்பினோம். முதல் மூன்று கதவும் இலேசாக முடிந்தன. நாலாவது கதவில் அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா தட்டை நீட்டினார்.

"வாங்கண்ணே" என்று எழுந்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அத்தை வெத்திலையை எடுத்துக்கொண்டார். "என்னா விசேஷம்?"

"நாளைக்கு முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறேன் தங்கச்சி."

"எதுக்கு அது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். மூன்று மொழிபெயர்ப்பும் ஓர் அடிக்குறிப்பும் எனக்குப் பாடம்.

"பாவமன்னிப்புக்கு" என்றார் அப்பா.

"யாருகிட்ட கேட்டீங்க?"

அத்தை அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். அப்பா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்த வாசல்படியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு அந்தக் கூடய நீ கொட்டல தங்கச்சி. கொட்டுனது என் சம்சாரம். தெரிஞ்சுக்கிட்டேதான் ஒன்னயக் காட்டிக் குடுத்தேன்."

"தெரியும்ணே. அவங்களுக்குப் பின் நிரையில நின்னவ நான்தானே."

"அப்ப ஏன் தங்கச்சி சொல்லல?"

"சொன்னா, கண்டாக்கு ஐயா கங்காணி பேச்சக் கேப்பாரா, என் பேச்சக் கேப்பாரா?"

அப்பா கைகூப்பினார். மன்னித்துவிடு என்று மூன்று தடவை சொன்னார். அத்தை அவரைத் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. வெத்திலையை மடியில் செருகிக்கொண்டார். "என் பாடு போச்சுண்ணே. நான் மறந்துகூடப் போவேன். படிப்பு நின்னது எம்மகளுக்கு. அத நான் விட்டுக்குடுக்க ஏலாது. அவகிட்ட கேளுங்க. இப்ப குவைத்துல மத்தியான வேல முடிஞ்சு இருக்கிற நேரம்தான்."

அவர் மகளின் நம்பர் என் போனில் இருந்தது. இருந்ததற்குக் காரணம் உண்டு, பிறகு வரும். எடுத்துக் கொடுத்தேன். ஒலியைப் பெரிதாக வைத்ததால் எல்லாம் கேட்டது. அப்பா சுற்றி வளைக்கவில்லை. "தாயி, கங்காணி மாமா பேசுறேன். நாளைக்கு நான் முழுக்கு எடுக்கப்போறேன். ஒங்கம்மா மேல நான் சொன்னது பொய். அதாலதான் ஒம்படிப்பு போச்சு. என்னய மன்னிச்சிரு தாயி" என்றார். அந்தப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா எனக்கு அப்பவே சொல்லிட்டாங்க மாமா. நீங்க இத்தன வருஷம் கழிச்சாவது கேட்டீங்களே. நான் விட்டுட்டேன். பச்சத் தண்ணில நிக்காதீங்க, ஒங்களுக்கு இழுப்பு."

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அம்மாவின் அடக்கத்தில்தான். மூன்று புத்தகமும் இரண்டு மதகுருமாரும் செய்யாததை ஒரு வெத்திலைத் தட்டு செய்துவிட்டது என்று, அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு நையாண்டி வாசகம் தயாராகிக்கொண்டிருந்தது. அது என் பிறவிக் குணம்.

"ஒங்க மகன் பக்கத்துல இருக்காரா மாமா?"

போனை வாங்கி, ஒலியைக் குறைத்துக் காதில் வைத்தேன். சுகம் விசாரித்தேன்.

"ஒங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அம்மா சாகும்போது சொன்னாங்க."

"ஒம்பது வருஷமா?"

"ஆமா."

"போன வருஷம் லீவுல வந்தப்ப, மகளோட பாடசாலை ஃபோர்ம் நிரப்ப ஒங்ககிட்டதான் வந்தேன். நம்பரும் அன்னைக்குத்தான் வாங்குனீங்க. நானும் படிச்சிருந்தா இத நானே நிரப்பிருப்பேன்னு சொன்னேன். எல்லாம் கடவுள் சித்தம்னு சொன்னீங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னீங்களா?"

"ம்" என்றேன்.

"சரி. புள்ள அழுவுது. வைக்கிறேன்."

மற்ற கதவுகளுக்கும் போய் வந்தோம். அப்பா முன்னால் நடந்தார். தட்டு என் கையில் இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பாவைத் தொட்டியில் இறக்கினார்கள். ஆவி பறந்தது. லயமே வந்திருந்தது. தட்டு வாங்கியவர் வராமல் இருக்கமாட்டார் என்பதால் அத்தையும் வந்திருந்தார். குருவானவர்கூட மேல் ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு, வேறு வேலையாக வந்தவர்போல நின்று பார்த்தார். பாஸ்டர் அப்பாவை முக்கி எடுத்து, பாவமெல்லாம் போயிற்று என்று மலை அதிரச் சொன்னார். எல்லோரும் பாடினார்கள்.

அப்பாவைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் உட்காரவைத்தேன். அவருக்கு மூச்சு சீராக வந்தது. சூடாக ஒரு பிளேன்ட்டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அவ ஒங்கிட்ட என்னா சொன்னா?"

"ஒண்ணுமில்லப்பா. ஒங்கள மன்னிச்சிட்டா."

"அது எனக்கும் கேட்டுச்சு. ஒங்கம்மா ஒங்கிட்ட சொன்னதா நீ போன்ல சொன்னதும் கேட்டுச்சு. நான் ஒன்னயக் கேக்குறேன். நீ அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.